நெடுமனை மாந்தர்

ஆசியாக் கண்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், கடலை ஒட்டி நீண்டு வளைந்து கிடக்கும் நாடு வியட்நாம். கடற்கரைச் சமவெளிகளில் நெல் விளைத்து வாழும் கின் இனத்தாரே அந்நாட்டு மக்களுள் பெரும்பான்மையினர். அச்சமவெளியினின்றும் மேற்கு நோக்கி மலையேறிச் சென்றால், நாட்டின் தென்பாதியில் அகன்ற மேட்டுநிலம் ஒன்று விரிந்து கிடப்பதைக் காணலாம். அம்மேட்டுநிலத்தின் நடுவே அமைந்துள்ள மாகாணம் டாக்லாக் என்பது. வியட்நாம் அரசு தன் நாட்டு மக்களை ஐம்பத்து நான்கு இனத்தாராக வகுத்துள்ளது. அவருள் ஏடே என்னும் இனத்தார்க்கு டாக்லாக்கே தாயகம். 2019ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். தொகையிற் சிறியராயினும், நிலத்தைப் பற்றியும் குடியைப் பற்றியும் அவர்கள் கொண்டிருந்த கருத்து பெரிது. முன்னோர் நம்மிடம் ஒப்படைத்த பொருளுக்கு நாம் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர் என்பதே அக்கருத்து.

நாடும் நீரும்

டாக்லாக்கின் மண் செம்மண். பன்னெடுங் காலத்திற்கு முன் எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகிக் கல்லாகி, அக்கல் சிதைந்து வளமிக்க செம்மண்ணாயிற்று. மாகாணத்தின் தலைநகராகிய புவோன் மா துவோத் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்கிழக்கே சூ யாங் சின் என்னும் மலைமுடி 2,400 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கின்றது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். எஞ்சிய ஆறு திங்களும் வறண்ட காலம். ஆதலின் இம்மக்களின் வாழ்வு முழுவதும் நீரைச் சார்ந்தே அமைந்தது.

ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று பகரும். முனோங் இனத்தாரின் மொழியில் 'டாக்' என்றால் நீர். ஏடே மொழியில் நீரின் பெயர் 'எயா'. இவ்விரு சொற்களுள் ஒன்றை முதலாகக் கொண்ட ஊர்கள் அப்பகுதியில் எண்ணிறந்தன. குரோங் அனா, குரோங் குனோ என இரண்டு ஆறுகள் அங்குப் பாய்கின்றன. பெண்ணாறு, ஆணாறு என்பன அப்பெயர்களின் பொருள். அவை இரண்டும் கூடிச் செரெபோக் என்னும் பேராறாகின்றன. அப்பேராறு, கிழக்கே உள்ள கடலை நாடாமல் மேற்கு நோக்கி ஓடிக் கம்போடியாவிற் புகுந்து, மேகாங் ஆற்று நீரோடு கலக்கின்றது. அவ்வாற்றின் அருவிகளுள் ஒன்று, நீர்த்திவலை புகைபோல் எழுதலின் புகையருவி என்னும் பொருள்பட 'திரே சாப்' எனப் பெயர் பெற்றது. தெற்கே லாக் ஏரி பரந்து கிடக்கின்றது. அதன் கரையில் முனோங் இனத்தார், ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களைச் செலுத்தி மீன் பிடித்து வாழ்கின்றனர்.

ஏடே மக்கள் தம் சிற்றூரைப் 'புவோன்' என்பர். ஊற்றொன்று இல்லாத இடத்தில் அவர்கள் புவோன் அமைப்பதில்லை. ஊருக்குப் பொதுவான நீர்த்துறையைத் தூய்மை செய்து, ஆண்டுதோறும் அங்கு வழிபாடு நிகழ்த்துவது அவர்தம் மரபு. ஊற்றுக்கு மேற்புறத்துக் காட்டை வெட்டலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. காடு அழிந்தால் ஊற்று வற்றும் என்பதை அவர்கள் நூல் வழியாக அன்றி, வாழ்வின் வழியாகவே அறிந்திருந்தனர்.

மொழியும் பழமையும்

ஏடே மொழி, மலாய் மொழியோடும் சம்பா நாட்டுச் சாம் மொழியோடும் உறவுடையது. இரண்டு என்னும் எண்ணைக் குறிக்க மலாய் மொழியிலும் ஏடே மொழியிலும் 'துவா' என்னும் சொல்லே வழங்குகின்றது. திங்களைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'புலான்'. ஏடேச் சொல் 'மிலான்'. கடல் கடந்து தீவுகளிற் பரவிய ஒரு பெருமொழிக் குடும்பத்தின் கிளையொன்று, மலைமீது ஏறித் தங்கிவிட்டது என்பது இதனாற் புலனாகும்.

சாம் மன்னரின் ஆட்சி ஒருகாலத்தில் இம்மேட்டுநிலத்தையும் எட்டியிருந்தது. எயா சூப் பகுதிக் காட்டிடையே யாங் புரோங் எனப்படும் செங்கற் கோயில் இன்றும் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மூன்றாம் சயசிம்மவர்மன் என்னும் சாம் மன்னன் காலத்தில் அது சிவபெருமானுக்கு எடுக்கப்பட்டது. யாங் புரோங் என்பதன் பொருள் 'பெருந்தெய்வம்' என்பதாகும்.

நெடுமனை

ஏடே மக்களின் வீடு, பிறர் வீடுகளினின்றும் வேறுபட்டது. நிலத்தில் மரத்தூண்களை நட்டு, அவற்றின்மேல் தளம் பரப்பி, மூங்கிற் பிளாச்சுகளாற் சுவர் அமைத்து, புல்லால் கூரை வேய்ந்து அதனைக் கட்டுவர். அகலம் சிறிது, நீளமோ மிகப் பெரிது. பண்டைக் காலத்தில் நூறு மீட்டர் நீளத்தை எட்டிய மனைகளும் இருந்தன. இதனை நெடுமனை எனலாம். நெடுமனையின் முன்பகுதி, விருந்தினரை வரவேற்பதற்கும் ஊர்க்கூட்டம் கூடுவதற்கும் உரிய பொதுக்கூடம். பின்பகுதி, குடும்பந்தோறும் ஒவ்வோர் அறையாகப் பகுக்கப்பட்டிருக்கும். பொதுக்கூடத்தில், ஒரே அடிமரத்திற் செதுக்கிய நீண்ட இருக்கை ஒன்று கிடக்கும். அதனைக் 'குபான்' என்பர்.

மனைக்கு ஏறிச் செல்லும் மரப்படிக்கட்டின் தலைப்பில், தாய்மையைக் குறிக்கும் கொங்கை வடிவங்களும் இளம்பிறை வடிவமும் செதுக்கப்பட்டிருக்கும். அவ்வீட்டினுள் நுழைவோர் யாவரும் முதலில் அவ்வடையாளத்தையே காண்பர். இது தாயின் வீடு என்பதை அது சொல்லாமற் சொல்லும்.

தாய்வழி முறை

ஏடே மக்களிடையே குடிப்பெயர் தாய்வழியாகவே வரும். நியே, முலோ என்பன அவர்தம் இரு பெரும் கிளைகள். ஒரே கிளையிற் பிறந்தோர் தம்முள் மணம் செய்தல் ஆகாது. திருமணம் பேசுதற்கு முதலில் முயல்வோர் பெண் வீட்டார். இருபாலாரும் வெண்கலக் காப்புகளை மாற்றிக்கொள்வது உடன்பாட்டின் அடையாளம். மணமான பின்னர்க் கணவன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வான். மகள் ஒருத்திக்கு மணமாகும்போது, அவளுக்கென மனையின் ஒருபுறத்தை நீட்டிக் கட்டுவர். ஆகவே மனையின் நீளம் அக்குடியின் வரலாற்றை அளந்து காட்டும் கோல் போன்றது.

மனைக்குத் தலைவி, அங்கு வாழும் பெண்களுள் மூத்தவள். வெண்கலச் சேகண்டிகளும் பழஞ்சாடிகளும் கால்நடையும் ஆகிய குடிச்செல்வம் அவள் காவலில் இருக்கும். அவள் அதனைத் தன் விருப்பம்போற் செலவிடுதல் இயலாது. அவளுக்குப் பின் அப்பொறுப்பு மகளைச் சாரும். பெரும்பாலும் இளையமகளே பெற்றோரைப் பேணி அவ்வுரிமையைப் பெறுவாள். ஆயினும் ஆடவர் மதிப்பற்றவர் என்று கருதுதல் தவறு. குடியின் வழக்குகளில் முன்னின்று பேசுவோர் தாய்மாமன்மாரே. பெண்கள் பெயரின் முன் 'ஹ' என்னும் ஒலியும், ஆண்கள் பெயரின் முன் 'இ' என்னும் ஒலியும் வருதல் அவர்தம் வழக்கு. குழந்தை பிறந்த பின்னர்த் தந்தையை அவன் இயற்பெயராற் சுட்டாமல், 'இன்னாரின் தந்தை' என்று சுட்டுவர். 'அமா' என்பது தந்தையைக் குறிக்கும் சொல். புவோன் மா துவோத் என்னும் நகரின் பெயருக்கே, 'துவோத் என்பவனின் தந்தையினுடைய ஊர்' என்பது பொருள்.

நிலத்தின் காவலி

மனையைக் காக்க ஒரு தலைவி இருந்தது போலவே, நிலத்தைக் காக்கவும் ஒரு பெண் இருந்தாள். அவளை ஏடே மக்கள் 'போ லான்' என்றனர். காடும் புனமும் ஓடையும் அடங்கிய ஒரு நிலப்பரப்புக்கு, ஒரு குடியின் மூத்த பெண் காவலியாக விளங்கினாள். குறித்த காலங்களில் அவள் தன் உறவினரோடு எல்லையைச் சுற்றி நடந்து பார்ப்பாள்; நிலத்தின் நலத்திற்காக வழிபாடு செய்வாள். ஊரார் யாவரும் அந்நிலத்திற் புனம் திருத்தி நெல் விதைக்கலாம். விறகும் தேனும் கொள்ளலாம். சில ஆண்டுகள் விளைந்த புனத்தைத் தரிசாக விட்டு வேறிடம் செல்வர். காடு மீண்டும் வளர்ந்த பின்னர் அவ்விடத்திற்குத் திரும்புவர். நிலத்தை விற்கும் உரிமை காவலிக்கும் இல்லை, பிறர்க்கும் இல்லை.

இத்தகைய மரபுச் சட்டங்கள் ஏட்டில் எழுதப்படாமல், எளிதில் நினைவில் நிற்கும் ஓசைநயம் பொருந்திய தொடர்களாக வாய்மொழியாகவே வழங்கிவந்தன. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1904ஆம் ஆண்டு டாக்லாக் ஒரு மாகாணமாக அமைக்கப்பட்டது. அங்கு ஆட்சித் தலைவராக இருந்த லெயோபோல் சபாத்தியே என்பவர் ஏடே மொழியைப் பயின்று, அச்சட்டங்களைத் தொகுத்தார். மலைவாழ் மக்களின் நிலத்தைத் தோட்ட முதலாளிகளுக்கு வழங்குவதை அவர் எதிர்த்தார். 1926ஆம் ஆண்டு பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. அவர் தொடங்கிய தொகுப்பு, 236 பிரிவுகள் கொண்ட நூலாக 1940ஆம் ஆண்டு வெளிவந்தது. நிலக்காவலியின் கடமைகள் அந்நூலின் இறுதிப் பகுதியிற் கூறப்பட்டுள்ளன. அயலார் ஆட்சியை மலைவாழ் மக்கள் எளிதில் ஏற்றனர் என்று எண்ணுதல் கூடாது. என்திராங் லோங் என்னும் முனோங் தலைவர் 1912 முதல் 1935இல் உயிர் துறக்கும் வரையில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போராடினார்.

தாம் சான் கதை

நெடுமனையில் இரவுதோறும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து, முதியோர் பாடும் நெடும்பாட்டைக் கேட்பது ஏடே மக்களின் வழக்கமாக இருந்தது. அப்பாட்டைக் 'கான்' என்பர். அவற்றுள் தலைசிறந்தது தாம் சான் என்னும் வீரனின் கதை. சபாத்தியே அதனைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்து 1927ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

இறந்துபோன துணைக்கு ஈடாக, அக்குடியினின்றும் வேறொருவரை மணத்தல் ஏடே மக்களின் பழைய விதி. அவ்விதியின்படி தாம் சான் உடன்பிறந்த பெண்கள் இருவரை மணக்க வேண்டியவனானான். அவன் வலிமை மிக்கவன். பகைத் தலைவரை வென்றவன். விதிக்குக் கட்டுப்பட விரும்பாதவன். தன் மனைவியர் உயிர் தங்கியிருந்த பழமரத்தை ஒருநாள் அவனே வெட்டி வீழ்த்தினான். அவர்கள் மாண்டனர். துயருற்ற அவன், வானுலகத்திற்கு ஏறிச் சென்று வேண்டி, அவர்களை மீண்டும் உயிர்பெறச் செய்தான். பின்னரும் அவன் உள்ளம் அடங்கவில்லை. கதிரவன் மகளையே மனைவியாகக் கொள்ளப் புறப்பட்டான். தான் மண்ணுலகு வந்தால் மரமும் மக்களும் மாவும் மடியும் என்று அவள் மறுத்தாள். ஏமாற்றத்துடன் திரும்பிய வழியில், கதிரவன் வெம்மையால் கருஞ்சேற்றுக் காட்டின் நிலம் உருகியது. குதிரையோடு அவன் அதில் அமிழ்ந்தான். அவன் உயிர் தமக்கையின் வயிற்றிற் புகுந்து மருமகனாகப் பிறந்தது. அம்மருமகன் விட்ட இடத்தினின்றும் வாழ்வைத் தொடர்ந்தான்.

மரபை எதிர்த்து நின்ற வீரனை இக்கதை இழித்துக் கூறவில்லை. அவன் ஆண்மையை வியந்தே பாடுகின்றது. ஆயினும், முன்னோர் வைத்த மரத்தை வெட்டினால் வரும் கேட்டையும் அது மறைக்கவில்லை.

காப்பியும் மாற்றமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் டாக்லாக்கின் செம்மண்ணிற் காப்பி பயிரிட்டனர். அச்செடிக்கு அம்மண் மிகவும் பொருந்தியது. நெடும்போர் 1975ஆம் ஆண்டு முடிந்த பின்னர், சமவெளி மக்களும் வடபுலத்து மலையினத்தாரும் பெருந்தொகையாக அங்குக் குடியேறினர். வியட்நாம் அரசு 1986ஆம் ஆண்டு பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியதும், காப்பித் தோட்டங்கள் விரைந்து பெருகின. பிரேசில் நாட்டிற் பனியாற் காப்பி அழிந்த 1994ஆம் ஆண்டில் விலை ஏறவே, மலைச்சரிவெங்கும் காடு தோட்டமாயிற்று. இன்று உலகிற் காப்பி ஏற்றுமதியில் பிரேசிலுக்கு அடுத்த நிலையில் இருப்பது வியட்நாம். டாக்லாக்கில் மட்டும் இரண்டு இலட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் காப்பி விளைகின்றது. பெரும்பகுதி ரொபஸ்டா என்னும் வகை. வறண்ட காலத்தின் நடுவே தோட்டங்கள் வெண்பூப் பூத்து மணம் கமழும் காட்சி கண்கொள்ளாதது.

காப்பி செல்வம் கொணர்ந்தது. சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. ஆயின் அதற்கு ஈடாகச் சில பொருள்கள் கைவிட்டுப் போயின. விற்கலாகாது என்றிருந்த நிலம் விலைப்பொருளாயிற்று. ஏடே உழவர் பலர் தம் நிலத்தை விற்றோ, கடனுக்கு இழந்தோ, தொலைவிடம் பெயர்ந்தனர். உலகச் சந்தையில் விலை 2001ஆம் ஆண்டளவில் வீழ்ந்தபோது, நிலமும் இன்றிப் பணமும் இன்றி வருந்தியோர் உளர். நில உரிமையும் சமய உரிமையும் கோரி மலைவாழ் மக்கள் 2001, 2004ஆம் ஆண்டுகளிற் கிளர்ந்தெழுந்தனர். வறண்ட காலத்திற் செடிகளுக்கு நீர் பாய்ச்ச எண்ணற்ற கிணறுகள் தோண்டப்பட்டமையால், நிலத்தடி நீர் தாழ்ந்தது. 2016ஆம் ஆண்டு நேர்ந்த கடும் வறட்சியில் கிணறுகள் வற்றித் தோட்டங்கள் கருகின. ஊற்றுக்கு மேற்புறத்துக் காட்டை வெட்டலாகாது என்ற பழைய கட்டுப்பாட்டின் உண்மை அப்போது யாவர்க்கும் விளங்கியது.

காட்டோடு யானைகளும் குறைந்தன. செரெபோக் ஆற்றங்கரையில் உள்ள புவோன் தோன், காட்டு யானைகளைப் பிடித்துப் பழக்குவதற்குப் பெயர் பெற்ற ஊர். 1980ஆம் ஆண்டளவில் மாகாணத்தில் ஐந்நூறு வளர்ப்பு யானைகள் இருந்தன. இன்று அத்தொகை நாற்பதுக்கும் குறைவு. அண்மையிலுள்ள யோக் தோன் தேசியப் பூங்காவில், யானைமேல் ஏறிச் செல்வதை விடுத்து, அவை காட்டில் உரிமையோடு உலவுவதைத் தொலைவில் நின்று காணும் முறை 2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

மாகாணத்தின் எல்லையும் மாறியுள்ளது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், கடற்கரை மாகாணமாகிய பூ யென், டாக்லாக்கோடு இணைக்கப்பட்டது. ஆதலின் மலைநாடாக மட்டும் இருந்த டாக்லாக், இன்று கடற்கரையும் உடையதாயிற்று.

ஆகோ டோங்

புதியது வந்தால் பழையது அழிந்தே தீரவேண்டும் என்பதில்லை. புவோன் மா துவோத் நகரிலேயே உள்ள ஆகோ டோங் என்னும் புவோன் இதற்குச் சான்று. அப்பெயருக்கு 'ஓடையின் தலை' என்பது பொருள். 1950களில் அவ்வூரைத் தோற்றுவித்த அமா ஹரின் என்னும் முதியவர், ஓடை தோன்றும் இடத்துக் காட்டை வெட்டாமற் காக்குமாறு ஊராரைப் பணித்தார். காப்பி பயிரிடுதலையும் அவரே ஊக்கினார். வருவாய் பெருகியபோதும் ஊரார் தம் நெடுமனைகளைத் தெருவை நோக்கி நிறுத்திப் பேணினர். புதுமுறை வீடு வேண்டுவோர் அதனை நெடுமனையின் பின்புறத்தே கட்டிக்கொண்டனர். காட்டையும் மனையையும் காவற்பொருளாகக் கொண்டு, காப்பியை வருவாய்ப் பொருளாகக் கொண்ட அவ்வூர், இரண்டும் ஒருங்கே வாழ இடமுண்டு என்பதைக் காட்டிற்று.

சேகண்டியின் இசை

ஏடே மக்களின் குடிச்செல்வங்களுள் முதன்மையானவை சேகண்டிகள். அவர்கள் அவற்றைத் தாமே வார்ப்பதில்லை. அயலாரிடம் விலைக்கு வாங்கி, கைதேர்ந்தவர் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பர். நெடுமனையின் குபான் மீது வரிசையாக அமர்ந்து ஆடவர் அவற்றை முழக்குவர். ஏடே மக்களுள் பிஹ் என்னும் பிரிவினரிடையே அவற்றை முழக்குவோர் பெண்கள். பிறப்பு முதல் இறப்பு வரை நிகழும் சடங்குகள் அனைத்திலும் அவ்வொலி உண்டு. மேட்டுநிலத்துச் சேகண்டிப் பண்பாட்டை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு மாந்தகுலத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்து, 2008ஆம் ஆண்டு தன் பட்டியலிற் சேர்த்தது.

ஆயின் பட்டியலிற் சேர்ந்ததனாலேயே ஒலி வாழ்ந்துவிடாது. வறுமையால் விற்கப்பட்ட சேகண்டிகள் பல. சடங்குகள் மறைந்தமையால் நாவிழந்து தொங்குபவை பல. இன்று மாகாணத்தில் சிறுவர்க்குச் சேகண்டி கற்பிக்கும் வகுப்புகள் நடைபெறுகின்றன. மூங்கிலாற் செய்த சேகண்டிகளில் முதலிற் கைபழகி, பின்னர் அவர்கள் வெண்கலத்தைத் தொடுகின்றனர்.

அவ்வகுப்பிற் பயிலும் சிறுவன் முதலிற் கற்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு சேகண்டிக்கு ஒரே சுரம். ஒருவன் கையில் ஒரே சேகண்டி. தனித்து நின்று எவ்வளவு வலிந்து தட்டினும் அவனால் ஒரு பாட்டை எழுப்ப முடியாது. தனக்கு முன்னவன் தட்டி முடிப்பதைச் செவிகொடுத்துக் கேட்டு, தன் முறை வரும் நொடியில் தன் சுரத்தைத் தந்து, அடுத்தவனுக்கு வழிவிட வேண்டும். அப்போதுதான் பண் பிறக்கும். நெடுமனையிற் கூடி வாழ்ந்த மாந்தர் மண்ணையும் நீரையும் காத்த முறையும் அதுவே. முன்னோரிடமிருந்து பெற்றதைத் தம் முறையிற் பேணி, குறையாமற் பின்னோரிடம் ஒப்படைப்பவரே நிலத்திற்கு உரியவர்.